ஐடஹோ மாணவர் கொலை வழக்கு: இணையத்தில் துப்புத் துலக்கியவர்கள் எங்கே தவறினார்கள்?

அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் கொல்லப்பட்ட வழக்கில், குற்றவாளி பிடிபடும் வரையிலான ஏழு வாரங்களும் இணையத்தில் பல்லாயிரம் பேர் துப்புத் துலக்கினார்களே, அவர்களால் வழக்குக்கு ஏதேனும் பயன் விளைந்ததா, அவ்வளவு பேர் சேர்ந்து யோசித்தும் ஏன் ஒன்றும் தேறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கைது ஆணை கோரிக் காவல்துறை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தைப் படித்தால் முதல் கேள்விக்கு உடனே விடை கிடைத்துவிடும்: அதில் அடுக்கப்பட்டுள்ள சான்றுகளில் ஒன்றுகூட இணைய ஊகத்திலிருந்து வந்ததல்ல. இரண்டாவது கேள்விதான் விரிவாகப் பேச வேண்டியது. ஊகித்தவர்கள் எல்லோரும் அறிவிலிகள் என்று சொல்லித் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அவர்களில் கூர்மையானவர்களும் உழைப்பாளிகளும் இருந்தார்கள். அவர்கள் தேடிய ஆட்களின் வட்டத்துக்குள் குற்றவாளி இல்லவே இல்லை என்பதே அவர்களுடைய தோல்விக்கு முதற்காரணம் என்பது என் கருத்து.

முதலில் நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஐடஹோ மாநிலத்தில் மாஸ்கோ என்பது சுமார் 25,000 பேர் வாழும் பல்கலைக்கழக நகரம்; 2015-க்குப் பிறகு அதுவரை அங்கே கொலை என்று ஒன்று பதிவானதில்லை. 2022 நவம்பர் 13, ஞாயிறு அதிகாலையில், கிங் சாலையில் மாணவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த மூன்றடுக்கு வீட்டில் மூன்று மாணவிகளும் ஒரு மாணவரும் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். அதே வீட்டில் வேறு அறைகளில் இருந்த இரண்டு மாணவிகள் உயிர் தப்பினார்கள். அவசர உதவி எண்ணுக்கு அழைப்பு சென்றது அன்று நண்பகல் 11.58 மணிக்குத்தான். டிசம்பர் 30 அன்று பென்சில்வேனியாவில் தன் பெற்றோரின் வீட்டில் இருந்த பிரையன் கோபெர்கர் கைது செய்யப்பட்டார். மாஸ்கோவிலிருந்து பத்து மைல்களுக்குள் இருக்கும் புல்மன் நகரில், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர் அவர். 2025 ஜூலை 2 அன்று குற்றத்தை ஒப்புக்கொண்டார்; ஜூலை 23 அன்று, பரோலுக்கு இடமில்லாத நான்கு ஆயுள் தண்டனைகள் அவருக்கு அடுத்தடுத்து அனுபவிக்கும்படி விதிக்கப்பட்டன.

இடைப்பட்ட ஏழு வாரங்களில் பொதுமக்களிடம் இருந்த தகவல் மிகவும் சொற்பம். இருந்த சொற்பமும் ஒன்றோடொன்று முரண்பட்டது. இது திட்டமிட்டுக் குறிவைத்த தாக்குதல், நகரத்தாருக்கு ஆபத்தில்லை என்று காவல்துறை முதலில் அறிவித்தது. மூன்று நாள் கழித்துச் செய்தியாளர்களைச் சந்தித்த காவல்துறைத் தலைவர் ஜேம்ஸ் ஃப்ரை, ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது என்றார். குறிவைக்கப்பட்டது வீடா, அங்கே வசித்தவர்களில் ஒருவரா என்பதிலும் அறிவிப்புகள் முன்னுக்குப் பின் மாறின. கொலையாளி யார் என்று தெரியாத நிலையில் ஆபத்தில்லை என்று எந்த அடிப்படையில் சொன்னார்கள் என்ற கேள்வி நியாயமானது. அதற்குத் தெளிவான பதில் கிடைக்காதபோது, காவல்துறை எதையோ மறைக்கிறது அல்லது அதற்கு ஒன்றும் தெரியவில்லை என்ற இரண்டு முடிவுகளும் ஒரே நேரத்தில் பரவின. காவல்துறை மறைத்தது உண்மைதான். குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விவரங்களை வெளியிடாமல் வைத்திருப்பது புலனாய்வின் பழைய நடைமுறை. பொய்யாகக் குற்றத்தை ஏற்க வருபவர்களையும், கற்பனையாகத் தகவல் சொல்பவர்களையும் பிரித்தறிய அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் நடைமுறை சரியாக இருந்தாலும், முதல் மூன்று நாள்களின் அறிவிப்புகளை இதைவிடக் கவனமாகச் சொல்லியிருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

தகவல் இல்லாத இடத்தில் மக்கள் கண்ணுக்குத் தெரிந்ததைத் தோண்டுவார்கள். இந்த வழக்கில் கண்ணுக்குத் தெரிந்ததில் முதன்மையானது ஓர் உணவு வண்டியின் காணொளி. கொல்லப்பட்ட மாணவிகளில் இருவர் அன்றிரவு ஒரு மதுக்கூடத்திலிருந்து கிளம்பி, ஏறத்தாழ 1.40 மணிக்கு அந்த வண்டியில் உணவு வாங்கினார்கள். வண்டிக்காரர்கள் தங்கள் வியாபாரத்தை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பும் வழக்கம் உடையவர்கள் என்பதால், மாணவிகளின் கடைசி மணி நேரங்களில் சில நிமிடங்கள் பதிவாகிவிட்டன. அந்தக் காட்சியில் தலைமூடி வைத்த மேற்சட்டை அணிந்த ஓர் இளைஞர் அருகில் நிற்கிறார். அவர் மாணவிகளைப் பார்க்கிறார், வேறு பக்கம் திரும்புகிறார், அவர்கள் நகர்ந்தபோது அவரும் நகர்கிறார். அவ்வளவுதான். இந்தச் சில நிமிடங்களை நொடி நொடியாக நிறுத்தி, அவருடைய கை எங்கே இருந்தது, எந்த நொடியில் கண் எங்கே போனது, உணவு வாங்காமல் ஏன் நின்றார் என்று வட்டம் போட்டும் அம்புக்குறி இட்டும் எத்தனையோ பேர் விளக்கினார்கள். அவருக்குத் தொடர்பில்லை எனக் காவல்துறை வெளிப்படையாக அறிவித்தது. அறிவித்த பிறகும் அந்த வட்டங்கள் நிற்கவில்லை. விசாரணையைத் திசைதிருப்பக் காவல்துறை வேண்டுமென்றே அப்படிச் சொல்கிறது என்பது அடுத்த கட்டமாயிற்று.

அந்தக் காணொளியை இன்று பார்ப்பவருக்கு ஒன்று புரியும். நள்ளிரவு தாண்டிய நேரத்தில், மாணவர்கள் நிறைந்த ஊரில், ஒரு வண்டியின் முன் நிற்கும் யாரை எடுத்துக்கொண்டாலும் அதே அளவு சந்தேகத்தைக் கிளப்ப முடியும். இரண்டு மாணவிகள் மறுநாள் உயிரோடு இல்லை என்பதை அறிந்தபின் பார்க்கிறோம்; அந்த அறிவு நம் கண்ணில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சாதாரண அசைவுகளுக்கெல்லாம் அர்த்தம் கற்பிக்கிறது. எந்தச் சம்பவமும் நடக்காத வேறொரு சனிக்கிழமை இரவின் பதிவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அந்த விளக்கக்காரர்களில் யாருக்கும் தோன்றியதாக நான் கண்டதில்லை.

அடுத்தடுத்துச் சந்தேகிக்கப்பட்டவர்களின் வரிசையும் இதே போன்றது. மாணவிகளை வீட்டில் கொண்டுவந்து விட்ட கார் ஓட்டுநர். ஒரு மாணவியின் முன்னாள் காதலர், அதிகாலை இரண்டரை மணியைச் சுற்றி அவருடைய கைபேசிக்குப் பல அழைப்புகள் சென்றிருந்தன என்பதால். தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர், அவருடைய பேச்சும் முகபாவமும் சரியில்லை என்பதால். உயிர் தப்பிய இரண்டு மாணவிகள், நண்பகல் வரை ஏன் அழைக்கவில்லை என்பதால். ஓட்டுநர், காதலர், மாணவிகள் ஆகியோரைத் தாங்கள் சந்தேகிக்கவில்லை என்று காவல்துறை பெயர் சொல்லாமல் அடையாளப்படுத்தி அறிவிக்க வேண்டியிருந்தது. வதந்திகளை மறுப்பதற்கென்றே தன் இணையதளத்தில் தனிப்பகுதி ஒன்றையும் திறந்தது. மிரட்டுவோர் மீதும் தொல்லை கொடுப்போர் மீதும் வழக்குப் பாயக்கூடும் என்று டிசம்பரில் எச்சரித்தது. கொலையைத் துப்புத் துலக்க வேண்டிய ஓர் அமைப்பு வதந்திக்கு மறுப்பு எழுதவும் ஆள் ஒதுக்க வேண்டிவந்ததை எண்ணிப் பாருங்கள்.

இவற்றில் நீதிமன்றம் வரை சென்று முடிவு கண்டது ஐடஹோ பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறைத் தலைவரின் வழக்கு. டெக்சாஸைச் சேர்ந்த ஒரு பெண், குறி பார்க்கப் பயன்படும் டாரட் சீட்டுகளைக் குலுக்கிப் பார்த்து, இந்தப் பேராசிரியைதான் கொலைகளுக்குத் திட்டமிட்டார் என்றும், கொல்லப்பட்ட மாணவிகளில் ஒருவரோடு அவருக்கு ரகசிய உறவு இருந்தது என்றும் டிக்டாக்கில் தொடர்ச்சியாகக் காணொளிகளை வெளியிட்டார். அவை இலட்சக்கணக்கில் பார்க்கப்பட்டன. கொலை நடந்த நேரத்தில் பேராசிரியை வேறொரு மாநிலத்தில், ஒரிகானின் போர்ட்லேண்ட் நகரில் இருந்தார். அந்த மாணவர்களில் எவரையும் அவர் சந்தித்ததுகூட இல்லை. நிறுத்தும்படி இருமுறை வழக்கறிஞர் அறிவிக்கை அனுப்பியும் காணொளிகள் தொடர்ந்ததால், 2022 டிசம்பரில் அவர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடுத்தார். அவருக்குத் தொடர்பிருப்பதாகக் கருதவில்லை என்று காவல்துறையும் அதே மாதம் அறிவித்தது. வழக்கு நடக்கும்போதே கோபெர்கர் கைதானார்; அதன் பிறகும் காணொளி வெளியிட்டவர் தன் கூற்றைத் திரும்பப் பெறவில்லை. 2024 ஜூனில், கூறப்பட்டவை பொய், அவை அவதூறே என்று நீதிபதி முழு விசாரணைக்குப் போகாமலே தீர்ப்பளித்தார். இழப்பீட்டுத் தொகையை முடிவுசெய்வதை மட்டும் ஜூரிக்கு விட்டார். உள்ளுணர்வும் ஆன்மிகக் காட்சியும் சான்றுக்கு ஈடாகா என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். சீட்டுக் குலுக்கியவரை நாம் எளிதாகச் சிரித்துத் தள்ளிவிடலாம். ஆனால் நொடிக்கு நொடி காணொளியை நிறுத்தி முகபாவம் படித்தவர்களின் முறைக்கும் அந்தச் சீட்டுகளுக்கும் இடையே அவர்கள் நினைக்கும் அளவுக்குத் தூரம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இனி அதே வாரங்களில் விசாரணை எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதைப் பார்ப்போம். கொலை நடந்த அன்றே, மாடியில் இரண்டு மாணவிகள் கிடந்த படுக்கையில் ஒரு தோல் கத்தி உறை கிடைத்திருந்தது. கே-பார் என்ற வகைக் கத்திக்கானது. அமெரிக்க மரைன் படையின் சின்னம் அதில் பதிந்திருந்தது. உறையின் அழுத்துப் பொத்தானில் ஒரே ஓர் ஆணின் டி.என்.ஏ. இருந்தது. சுற்றுப்புறத்துக் கேமராக்களைச் சேகரித்துப் பார்த்ததில், முன்பக்க எண் பலகை இல்லாத வெள்ளைக் கார் ஒன்று அதிகாலை 3.29 முதல் அந்த வீட்டைச் சுற்றி மூன்று முறை வந்துபோனதும், 4.04-க்கு நான்காம் முறை வந்ததும், 4.20-க்கு மிகுந்த வேகத்தில் வெளியேறியதும் தெரிந்தன. பக்கத்து வீட்டுக் கேமரா ஒன்று 4.17-க்கு விம்மல் போன்ற குரலையும், ஏதோ விழும் சத்தத்தையும், நாய் குரைப்பதையும் பதிவுசெய்திருந்தது. உயிர் தப்பிய மாணவிகளில் ஒருவர், கறுப்பு உடை அணிந்து மூக்கையும் வாயையும் மறைத்த, அடர்ந்த புருவங்கள் உடைய ஓர் ஆளைத் தன் அறை வாசலிலிருந்து பார்த்ததாகச் சொல்லியிருந்தார். கத்தி உறை, டி.என்.ஏ., ஒலிப்பதிவு, அந்தப் புருவம் ஆகிய எதுவும் கைதுக்கு முன் பொதுமக்களுக்குத் தெரியாது. எவ்வளவு நுட்பமாக யோசித்தாலும், கைக்கு வராத சான்றிலிருந்து எவரும் முடிவுக்கு வர முடியாது.

கார் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் அது ஒன்றுதான் பொதுமக்களிடம் உதவி கேட்டு வெளியிடப்பட்ட பெரிய தடயம். 2011 முதல் 2013 வரையிலான மாடல் வெள்ளை ஹூண்டாய் எலான்ட்ரா ஒன்றைத் தேடுவதாக டிசம்பர் 7 அன்று அறிவித்தார்கள். உடனே நாடு முழுவதும் வெள்ளை எலான்ட்ரா வைத்திருப்பவர்கள் எல்லோரும் பார்வைக்கு உள்ளானார்கள். ஒரிகானில் விபத்துக்குள்ளாகிக் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு காரைச் சுற்றி நாள்கணக்கில் கதைகள் புனையப்பட்டன, அதற்கும் வழக்குக்கும் தொடர்பில்லை என்று அறிவிப்பு வரும் வரை. பொருந்தக்கூடிய கார்கள் சுமார் 22,000 என்று காவல்துறை கூறியது. கோபெர்கருடைய காரோ 2015 மாடல். அதாவது, வெளியான ஒரே பெரிய தடயத்திலும் மாடல் ஆண்டு தவறாக இருந்தது. கேமராக் காட்சியை ஆராய்ந்த நிபுணர் பின்னர்தான் 2016 வரை இருக்கலாம் என்று விரித்தார். அறிவிப்பை வேதவாக்காகக் கொண்டு ஆண்டைச் சரிபார்த்த அமெச்சூர் (தொழில்முறை சாராமல் துப்புத் துலக்குபவர்) எவரும் சரியான காரைக் கண்டிருந்தாலும் ஒதுக்கித்தள்ளியிருப்பார். ஆனால் அந்தக் கார் அதற்கு முன்பே கண்ணில் பட்டாகிவிட்டது. பிற காவல் அமைப்புகளுக்கு நவம்பர் 25 அன்று உள்சுற்றில் செய்தி போனதும், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகக் காவலர் ஒருவர் நவம்பர் 29 நள்ளிரவுக்குச் சற்றுப் பின், தங்கள் வளாகத்தில் பதிவான வெள்ளை எலான்ட்ராக்களைத் தேடிப் பார்த்து, பென்சில்வேனியா எண் கொண்ட 2015 மாடல் ஒன்று கோபெர்கர் பெயரில் இருப்பதைக் குறித்துக்கொண்டார். அந்த எண்ணைக் கொலை நடந்து ஐந்தாம் நாளே வாஷிங்டன் மாநில எண்ணாக மாற்றியிருந்தார் கோபெர்கர். யாருக்கும் கதையாகச் சொல்லச் சுவாரசியமில்லாத, பட்டியலை ஓட்டிப் பார்க்கும் வேலை அது.

டிசம்பர் 19 அன்று, தூரத்து உறவினர்களின் டி.என்.ஏ.வைக் கொண்டு குடும்பத்தைக் கண்டறியும் மரபுவழி ஆய்வின் மூலம் கோபெர்கரின் பெயர் விசாரணை அதிகாரிகளுக்குக் கிடைத்தது. 23-ஆம் தேதி அவருடைய கைபேசிப் பதிவுகளுக்கு ஆணை பெற்றார்கள்; கொலை நடந்த இரவு 2.47-க்கு அந்தக் கைபேசி வலையமைப்பிலிருந்து மறைந்து 4.48-க்கு மாஸ்கோவுக்குத் தெற்கே மீண்டும் தோன்றியது அதில் தெரிந்தது. 27-ஆம் தேதி பென்சில்வேனியாவில் அவருடைய பெற்றோர் வீட்டுக் குப்பையைச் சேகரித்துச் சோதித்தபோது, உறையில் டி.என்.ஏ. விட்டவரின் தந்தை என்று கருதத்தக்க ஒருவரின் டி.என்.ஏ. கிடைத்தது. 29-இல் கைது ஆணை, 30-இல் கைது. பேராசிரியை மீதும் உணவு வண்டியருகே நின்றவர் மீதும் இணையம் உச்சக்கட்ட உறுதியோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் கிறிஸ்துமஸ் வாரத்தில், விசாரணை அதிகாரிகள் கையில் பெயர் இருந்தது. அவர்கள் ஒன்றுமே செய்யவில்லை என்ற குற்றச்சாட்டும் அதே வாரத்தில்தான் உரத்து ஒலித்தது.

இணையத் தேடலின் அடிப்படைக் கோளாறு இங்கே துலங்குகிறது. அமெச்சூர்கள் சந்தேகித்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு வகையில் படமெடுக்கப்பட்டவர்கள், பேட்டி கொடுத்தவர்கள், மாணவர்களின் சமூக ஊடகப் பக்கங்களில் இடம்பெற்றவர்கள், அல்லது பல்கலைக்கழக இணையதளத்தில் பெயரும் புகைப்படமும் உள்ளவர்கள். கொலையாளி பெரும்பாலும் தெரிந்த ஆளாகத்தான் இருப்பான் என்ற பொது அனுபவம் இதற்கு வலுச்சேர்த்தது. கோபெர்கருக்கும் கொல்லப்பட்டவர்களுக்கும் முன்பழக்கம் இருந்ததற்கான சான்று எதையும் விசாரணை அதிகாரிகள் இறுதிவரை கண்டுபிடிக்கவில்லை. அவர் இன்னொரு மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகத்தில் இருந்தவர். மாணவர்களின் நண்பர் பட்டியலை ஆயிரம் முறை புரட்டினாலும் அவரிடம் கொண்டுசெல்லும் வழி அதில் கிடையாது. துக்கத்தில் பேசியவர்களும், உதவிக்கு முன்வந்து பேட்டி தந்தவர்களுமே அதிகம் சந்தேகிக்கப்பட்டார்கள்; வாயைத் திறக்காமல் ஊரைவிட்டு வண்டியோட்டிச் சென்றவர் யாருடைய பட்டியலிலும் இல்லை. டிசம்பர் 15 அன்று தந்தையோடு பென்சில்வேனியாவுக்குப் போகும் வழியில் இண்டியானாவில் போக்குவரத்து விதிமீறலுக்காக அவர் இருமுறை நிறுத்தப்பட்டு எச்சரிக்கையோடு அனுப்பப்பட்டார் என்பது பின்னாளில் வெளியான காவலர்களின் உடல் கேமராப் பதிவிலிருந்து தெரிந்தது.

ஒருவேளை எவராவது சரியான பெயரைச் சொல்லியிருந்தால்? பல்லாயிரம் பேர் நூற்றுக்கணக்கானோரைச் சுட்டும்போது ஒன்று பொருந்திவிடுவது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அதை அறிவு என்று சொல்ல முடியாது. ஓர் ஊகம் தவறென்றால் எதனால் தவறென்று தெரியவரும் என்ற சோதனையை அது தன்னோடு கொண்டுவர வேண்டும். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பின்போது ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் கூடியவர்கள், சந்தேக நபர்களின் மங்கலான படங்களோடு முகச்சாயலை ஒப்பிட்டு, அதற்கு ஒரு மாதம் முன்பே காணாமல்போயிருந்த பிரவுன் பல்கலைக்கழக மாணவர் ஒருவரைக் குற்றவாளியாக்கினார்கள். மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்தின் மீது வசைமழை பொழிந்தது. குண்டு வைத்தவர்கள் வேறு இரு சகோதரர்கள். அந்த மாணவரின் உடல் சில நாள்கள் கழித்து ஆற்றில் கிடைத்தது. குண்டுவெடிப்போடு அவருக்கு எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. ரெட்டிட் நிர்வாகம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. ஐடஹோவில் ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே முறை, அதே உறுதியோடு, இன்னும் பெரிய கூட்டத்தோடு திரும்பி வந்தது.

அமெச்சூர்களால் எந்த நன்மையும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஐடஹோ வழக்கில் கோபெர்கரின் பெயரைத் தந்த மரபுவழி ஆய்வுமுறையே அமெச்சூர்களின் உழைப்பில் வளர்ந்ததுதான். டி.என்.ஏ. முடிவுகளைப் பொதுவில் ஒப்பிட உதவும் ஜெட்மேட்ச் தளத்தை 2010-இல் தொடங்கியவர்கள் கர்டிஸ் ரோஜர்ஸ், ஜான் ஓல்சன் என்ற இருவர். குடும்ப வரலாறு தேடுவோருக்காகவே அதை அமைத்தார்கள். கலிபோர்னியாவில் பல பத்தாண்டுகள் பிடிபடாமலிருந்த தொடர் கொலையாளி ஜோசப் டிஆஞ்சலோவை 2018-இல் அடையாளம் காண உதவிய பார்பரா ரே-வென்டர், ஓய்வுபெற்ற காப்புரிமை வழக்கறிஞர். பொழுதுபோக்காக மரபுவழி ஆய்வில் இறங்கியவர். அவர்கள் முறை எப்படி வேறுபடுகிறது என்றால், தூரத்து உறவினர்களின் டி.என்.ஏ. ஒற்றுமையிலிருந்து குடும்ப மரங்களைப் பின்னோக்கிக் கட்டி, பிறப்பு, திருமணப் பதிவுகளால் ஒவ்வொரு கிளையையும் சரிபார்த்து, எஞ்சும் பெயரைக் குற்றவாளி என்று அறிவிக்காமல் காவல்துறையிடம் ஒரு வழிகாட்டியாக மட்டும் கொடுப்பார்கள். அந்த நபரின் டி.என்.ஏ.வை நேரடியாக ஒப்பிடும்போது பொருந்தவில்லையென்றால் அந்தப் பெயர் அங்கேயே விழுந்துவிடும். ஐடஹோவில் பெற்றோர் வீட்டுக் குப்பை அந்தச் சோதனைக்காகவே எடுக்கப்பட்டது.

இன்னொரு வகை உதவி, துப்பறிவாளராக அன்றிச் சாட்சியாக நடந்துகொள்வது. 2021-இல் வயோமிங் மாநிலத்தில் ஓர் இளம்பெண் காணாமல்போன வழக்கில், சுற்றுலாக் காணொளிகள் வெளியிடும் ஒரு குடும்பத்தினர் தாங்கள் அந்தப் பகுதியில் இருந்தது நினைவுக்கு வர, தங்கள் பழைய பதிவைப் பொறுமையாக ஓட்டிப் பார்த்து, தேடப்பட்ட வேன் நின்றிருந்த இடத்தைக் கண்டு கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்குத் தெரிவித்தார்கள். வேறெவரிடமும் இல்லாத ஒன்று அவர்களிடம் இருந்தது, அதை உரிய இடத்தில் கொடுத்தார்கள். ஐடஹோவிலும் கிங் சாலை வட்டாரத்து வீட்டுக் கேமராக்களின் பதிவுகளைத் தந்தவர்கள் இந்த வகையினர். காரின் வழித்தடம் அவர்களால்தான் உருப்பெற்றது. இவர்களை இணையத் துப்பறிவாளர்கள் என்று யாரும் அழைப்பதில்லை.

கைதின்போது, தங்களுக்கு 19,000-க்கு மேற்பட்ட தகவல்கள் வந்ததாகவும் 300-க்கு மேற்பட்டோரை விசாரித்ததாகவும் காவல்துறை கூறியது. அவற்றில் எத்தனை உருப்படியானவை என்று பிரித்தெடுக்கும் வேலை உள்ளூர்க் காவலர்கள் மீதும், மாநிலக் காவல்துறை மீதும், உதவிக்கு வந்த எஃப்.பி.ஐ. அதிகாரிகள் மீதும் விழுந்தது. ஒரு காணொளியில் கேட்ட கதையைப் பத்துப் பேர் தனித்தனியே தகவலாக அனுப்பினால், அது பத்துச் சான்றுகள் போலத் தோற்றமளிக்கும்; ஒவ்வொன்றையும் மூலம் வரை தொடர்ந்து போன பிறகே எல்லாம் ஒரே வாயிலிருந்து வந்தவை என்று தெரியும். இந்த வழக்கின் ஊகங்கள் விசாரணைக்கு இழைத்த உண்மையான தீங்கு இதுவென்றே கருதுகிறேன். நீதிமன்றமும் பாதிப்பிலிருந்து தப்பவில்லை. அளவு கடந்த விளம்பரத்தால், மாஸ்கோ அடங்கிய லேட்டா மாவட்டத்தில் நடுநிலையான ஜூரியைத் தேர்ந்தெடுப்பது கடினம் என்று ஏற்கப்பட்டு, 2024 செப்டம்பரில் வழக்கு மாநிலத் தலைநகரான பாய்சிக்கு மாற்றப்பட்டது.

கைதோடு ஊகம் ஓய்ந்ததா என்றால், இலக்கு மட்டும் மாறியது. 2023 ஜனவரி 5 அன்று பிரமாணப் பத்திரம் வெளியானதும், அந்த ஆளைப் பார்த்த மாணவி ஏன் உடனே காவல்துறையை அழைக்கவில்லை என்று அவர் மீது புதிதாகப் பாய்ந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 மார்ச்சில், அந்த அதிகாலை 4.20-ஐ ஒட்டி இரண்டு மாணவிகளும் ஒருவருக்கொருவர் அனுப்பிய குறுஞ்செய்திகள் நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தன. மற்றவர்களை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை என்று குழம்புகிறார்கள். முகமூடி அணிந்த ஒருவரைப் பார்த்ததைச் சொல்கிறார்கள். பயத்தில் ஒருவர் மற்றவரைத் தன் அறைக்கு ஓடிவரச் சொல்கிறார். நண்பர்கள் வந்துபோகும் வீட்டில், குடித்துவிட்டு விளையாடுகிறார்களோ, கனவோ நினைவோ என்று தெரியாமல் பயந்து ஒடுங்கிக் கிடந்த இரண்டு இளம்பெண்களை அந்தச் செய்திகளில் காணலாம். மாதக்கணக்கில் அவர்களைக் கூட்டாளிகள் என்று பேசியவர்கள் இந்தச் செய்திகளை எதிர்பார்த்திருக்கவில்லை. தண்டனை விதிக்கப்பட்ட நாளன்று அவர்களில் ஒருவரின் சார்பில் வாசிக்கப்பட்ட உரையில், முன்பின் அறியாதவர்கள் கட்டிய கதைகளும் வந்த மிரட்டல்களும் துயரத்தை எவ்வளவு கூட்டின என்பது குறிப்பிடப்பட்டது.

குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டதால் முழு விசாரணை நடக்கவில்லை. கொலைக்கான காரணத்தைக் கோபெர்கர் சொல்லவுமில்லை, கத்தி கிடைக்கவுமில்லை. காரணத்தை அறிய வேண்டும் என்ற ஏக்கம் நம்மை அவருடைய வாயை எதிர்பார்த்து நிற்க வைத்து அவருக்கே முக்கியத்துவம் தருகிறது என்ற பொருள்பட நீதிபதி ஸ்டீவன் ஹிப்லர் தண்டனை நாளில் பேசினார். இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது ஆள் இருந்திருக்க வேண்டும், பதினைந்து நிமிடத்தில் ஒருவரால் நால்வரைக் கொல்ல முடியாது என்ற வாதம் இன்றும் நடக்கிறது. உறையில் கிடைத்தது ஒருவரின் டி.என்.ஏ.; மாணவி பார்த்தது ஓர் ஆளை; கேமராக்களில் வந்துபோனது ஒரு கார்; குற்றத்தை ஏற்றவரும் ஒருவரே. இரண்டாவது ஆளைச் சேர்க்க விரும்புகிறவர், இந்த நான்கில் எதை, எந்தச் சான்றால் அசைக்கிறார் என்று முதலில் கேளுங்கள். 2025 ஜூலைக்குப் பின் மாஸ்கோ காவல்துறை வெளியிட்ட நூற்றுக்கணக்கான ஆவணங்கள் இப்போது எவரும் படிக்கக் கிடைக்கின்றன. நானறிந்தவரை அந்த வாதத்தை முன்வைப்பவர்களில் பெரும்பாலோர் அவற்றை மேற்கோள் காட்டுவதில்லை.